கலப்பை கொழுவுகிற சோலி

குயிக் ஹிச், அதாவது உழவு மெசினில் (டிராக்டரில்) கலப்பையைக் கெதியாகக் கொழுவிக் கழற்ற உதவுகிற பிடிப்பு, நூறு ஏக்கர் வைத்திருப்பவர்களுக்குரிய சாமான் என்றுதான் எங்கட பக்கத்தில் கன பேர் நினைக்கிறார்கள். வெளிநாட்டு வீடியோக்களில் அதைக் காண்பதும் அப்படியான பெரிய பண்ணைகளில்தான். நான் யாழ்ப்பாணத்து ஏழாலையில் இருந்து கூலி உழவு செய்கிறவன். நான் கண்டது அதற்கு நேர்மாறு. காணி சிறுக்கச் சிறுக்கத்தான் இந்தச் சாமானின் பெறுமதி கூடுகிறது.

கிளிநொச்சியில் இரணைமடுக் குளத்துக்குக் கீழே வயல் உழுகிற ஒருவர் காலமை, மண்ணை ஆழமாகக் கிளறுகிற கொத்துக் கலப்பையைக் கொழுவினால் பொழுதுபடும்வரை அதுதான். அடுத்த நாளும் அதே கலப்பைதான். கொழுவுகிற நேரம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. எங்கட செம்மண் தோட்டங்கள் அப்படியா? 16 பரப்புச் சேர்ந்தால்தான் ஒரு ஏக்கர். இங்கே ஒருவருக்கு வீட்டுக்குப் பின்னால் இரண்டு பரப்பு, ஒழுங்கை கடந்து மூன்று பரப்பு, சீதனமாக வந்த துண்டு ஒன்று அடுத்த ஊரில். காலமை குப்பிழானில் வெங்காயம் நடப்போகிறவருக்கு மண்ணைத் தூளாக்குகிற ரொட்டவேற்றர் வேண்டும். அது முடிய புன்னாலைக்கட்டுவனில் புகையிலைக் கட்டை கிடக்கிற தரை, அதற்குக் கொத்துக் கலப்பை. மத்தியானத்துக்குப் பிறகு ஒருவர் பழைய வாழைத் தோட்டத்தைப் புரட்டித் தரச் சொல்லுவார், அதற்கு டிஸ்க் என்கிற வட்டத் தகட்டுக் கலப்பை. பின்னேரம் வீடு கட்டுகிற ஒருவருக்கு லெவலர் போட்டு மண் இழுக்க வேண்டும்.

ஒவ்வொரு இடத்திலும் உழவு என்னவோ அரை மணித்தியாலம், மிஞ்சினால் ஒரு மணித்தியாலம். இடையில் வீட்டுக்கு வந்து, இருந்த கலப்பையைக் கழற்றி, அடுத்ததைக் கொழுவிக்கொண்டு ஓட வேண்டும். உழுத நேரத்துக்குத்தான் காசு. கழற்றிக் கொழுவின நேரத்துக்கு ஒருவரும் தரமாட்டார்கள், கேட்கவும் ஏலாது. அதனால் கன உழவுகாரர் என்ன செய்கிறார்கள் என்றால், மாற்றுகிற சோலியைப் பார்த்து, கொழுவியிருக்கிற கலப்பையாலேயே எல்லாத் தரையையும் உழுதுவிட்டுப் போகிறார்கள். கொத்துப் போட வேண்டிய தரைக்கு ரொட்டவேற்றரை விட்டால் மேல்மண் மாவாகிப் போகும், கீழே இறுக்கம் அப்படியே கிடக்கும். வருசா வருசம் அப்படிச் செய்தால் அடுத்த மழைக்குத் தண்ணி கீழே இறங்காது. தோட்டக்காரர் அதை உடனே காணமாட்டார். எனக்கு அது மனதுக்குச் சரியில்லாத வேலை. சரியான தரைக்குச் சரியான கலப்பையைப் போட வேண்டும் என்றால், மாற்றுகிற வேலை இலேசாக இருக்க வேண்டும். எனக்கு குயிக் ஹிச் தேவைப்பட்ட முதற் காரணம் அதுதான்.

மெசின் ஓட்டாதவர்களும் இதை வாசிப்பீர்கள் என்பதால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். உழவு மெசினின் பின்பக்கத்தில் கீழே இரண்டு கைகள், மேலே நடுவில் ரொப் லிங்க் என்கிற கம்பி. கீழ்க்கை ஒவ்வொன்றின் நுனியிலும் உருளுகிற ஒரு குண்டு, அதில் ஓட்டை. கலப்பையில் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு நிற்கிற இரும்புப் பின்களில் அந்த ஓட்டையை ஏற்றி, கழன்று போகாமல் கிளிப் போட வேண்டும். ரொப் லிங்க் இரண்டு பக்கமும் மரை வெட்டினது. நடுக்குழாயைத் திருப்பினால் நீளும், குறுகும். முதலில் இடது கை, பிறகு வலது கை, கடைசியாக ரொப் லிங்க். வலது பக்கத்தில் சுற்றுகிற கைபிடி ஒன்று இருக்கிறது. அதைச் சுற்றினால் வலது கை தனியாக ஏறி இறங்கும், அதனால்தான் அதை இரண்டாவதாகக் கொழுவுகிறது.

சொல்லும்போது இலேசு. ஆனால் மெசினைப் பின்னுக்கு விட்டால் இடது ஓட்டை நேருக்கு வரும்போது வலது ஓட்டை ஒரு அங்குலம் முன்னுக்கு நிற்கும். என்னுடைய ரொட்டவேற்றர் நானூறு கிலோவுக்குக் கிட்ட. கையால் தள்ளி அசையாது. அலவாங்கு போட்டு நெம்ப வேண்டும். ஒருவர் சீற்றில் இருந்து கிளட்சில் கால் வைத்துக்கொண்டு, மற்றவர் ரயருக்கும் கலப்பைக்கும் நடுவில் குனிந்து நின்றுகொண்டு, "விடுங்கோ, விடுங்கோ, காணும்! ஐயோ, கூடிப்போச்சு, கொஞ்சம் முன்னுக்கு எடுங்கோ" என்று கத்திக்கொண்டிருப்பார். எல்லா உழவுகாரர் வளவிலும் கேட்கிற சத்தம்தான் இது.

அப்படி நடுவில் நின்றவர் எங்கட வீட்டில் சின்னையா. அப்பா ஓட்டுவார், அவர் பின்னால் நின்று கொழுவுவார். அவருடைய இடது கை மோதிர விரலில் மேற்கணு இல்லை. பின்னுக்கும் குண்டுக்கும் இடையில் விரலை வைத்து ஓட்டை நேருக்கு வந்துவிட்டதா என்று தடவிப் பார்க்கும்போது மெசின் ஒரு சொட்டு அசைந்தது, அவ்வளவுதான். அப்பாவின் கால் கிளட்சில் சறுக்கவில்லை, தரை கொஞ்சம் சரிவு. ஓட்டையைக் கண்ணால் பார்க்க முடியாது, விரலால்தான் தெரியும் என்கிற வேலை எதுவோ, அதில் விரல் போகத்தான் செய்யும்.

சின்னையாவுக்கு இப்ப முழங்கால் ஏலாது. தம்பி வெளிநாடு போய்விட்டான். கூலிக்கு ஒரு பெடியனைப் பிடித்தால் ஒரு போகத்துக்கு நிற்பான், பிறகு அவனும் பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டுவிடுவான். ஊரில் மெசின் வைத்திருக்கிற எல்லாருக்கும் இதே நிலைமை. ஆகவே ஒரு ஆள் தனியாக நின்று, நடுவில் போகாமல், கலப்பை மாற்றக்கூடிய ஒரு வழி எனக்குக் கட்டாயம் வேண்டியிருந்தது.

இரண்டு கீழ்க்கை, ஒரு ரொப் லிங்க் என்ற இந்த மூன்று இடப் பிடிப்பை உழவு மெசினுக்குக் கொண்டுவந்தவர் ஹரி பேர்கசன் என்ற அயர்லாந்துக்காரர். 1938 இல் அவரும் அமெரிக்காவின் ஹென்றி போர்ட்டும் எழுத்து ஒன்றும் இல்லாமல் கைகுலுக்கி ஒப்பந்தம் செய்ய, 1939 இல் அந்தப் பிடிப்போடு போர்ட் மெசின் வந்தது. 1946 இலிருந்து இங்கிலாந்தின் கொவென்றியில் பேர்கசனின் சொந்தப் பெயரிலேயே சாம்பல் நிற மெசின்கள் வெளிவந்தன. 1953 இல் அவருடைய கம்பனி மாசி ஹரிஸ் கம்பனியோடு சேர்ந்தது. எங்கட ஊரில் 35, 135 என்று இலக்கத்தால் சொல்லுகிற மாசி பேர்கசன் மெசின்கள் அந்த வழியில் வந்தவை. அதுக்கு முதல் கலப்பையைச் சங்கிலியாலோ கொக்கியாலோ கட்டித்தான் இழுத்தார்கள். கலப்பை கல்லில் மாட்டினால் மெசினின் முன்பக்கம் கிளம்பி ஓட்டுகிறவர் மேல் கவிழ்ந்துவிடும். கன பேர் அப்படிச் செத்திருக்கிறார்கள். பேர்கசனின் அமைப்பில் கலப்பை மாட்டும்போது ரொப் லிங்க் முன்னுக்குத் தள்ளும், அந்தத் தள்ளல் முன் ரயரை நிலத்தோடு அழுத்தி வைத்திருக்கும்.

எங்கட செம்மண்ணுக்கு அடியில் சுண்ணாம்புக் கல். சில காணியில் ஒன்றரை அடி, சில காணியில் ஒரு சாண். கொத்து கல்லில் மாட்டுவது எங்களுக்கு எப்பவும் நடக்கிற காரியம். ஆகவே ரொப் லிங்க் கலப்பையை நிமிர்த்திப் பிடிக்கிற வெறும் கம்பி என்று நினைக்கக்கூடாது, ஓட்டுகிறவரின் உயிர் அதில் இருக்கிறது. குயிக் ஹிச் போட்டால் ரொப் லிங்க்குக்கும் கலப்பைக்கும் நடுவில் இன்னொரு இரும்பு வருகிறது. அந்த இரும்பு ரொப் லிங்க் தாங்குகிற அவ்வளவையும் தாங்க வேண்டும். மலிவாகக் கிடைக்கிறது என்று தெரியாத பட்டறையில் மெல்லிய பெட்டிக் கம்பியால் ஒட்டி எடுக்கிறவர்களை நான் மினக்கெட்டு மறிக்கிறது இதனால்தான்.

குயிக் ஹிச்சில் மூன்று விதம் உண்டு. ஒன்று, கவிழ்த்து வைத்த "ப" மாதிரி ஒரு சட்டம். கீழே இரண்டு கால்களிலும் மேல்நோக்கித் திறந்த கொக்கி, மேலே நடுவில் ஒரு கொக்கி. சட்டம் மெசினிலேயே பூட்டியிருக்கும். இரண்டாவது, முக்கோணச் சட்டம். மெசினில் ஒரு முக்கோணம், ஒவ்வொரு கலப்பையிலும் அதற்குப் பொருந்துகிற இன்னொரு முக்கோணம் ஒட்டப்பட்டிருக்கும், ஒன்றுக்குள் ஒன்று போய் உச்சியில் பூட்டு விழும். மூன்றாவது, சட்டம் ஒன்றுமில்லாமல் கீழ்க்கை நுனிகளையே வெட்டிக் கொக்கி வாய் வைத்தது. பின்னில் குண்டை முன்கூட்டியே போட்டு வைத்தால் வாய் அதைக் கவ்விக்கொள்ளும். ஐரோப்பாவில் பெரிய மெசின்கள் கொம்பனியிலிருந்து வரும்போதே இந்த மூன்றாவதோடு வருகின்றன.

டென்மார்க்கில் இருக்கிற மச்சான் எனக்கு முக்கோணத்தைத்தான் சொன்னார். அங்கே அவர் வேலை செய்கிற பண்ணையில் அதுதான். நல்ல சாமான், தளர்வு குறைவு, ஓட்டுகிறவர் இறங்கவே தேவையில்லை. ஆனால் என்னிடம் இருக்கிற கலப்பை ஒவ்வொன்றுக்கும் ஒரு முக்கோணம் ஒட்ட வேண்டும். இன்னொருவரிடம் இரவல் வாங்கின கலப்பையைக் கொழுவ வேண்டி வந்தால் கதை முடிந்தது. எங்கட ஊரில் லெவலரை அவரிடம் வாங்குவதும் டிஸ்க்கை இவருக்குக் கொடுப்பதும் வழமை. அதனால் நான் "ப" சட்டத்தையே எடுத்தேன். மச்சான் கப்பலில் அனுப்பிய பெட்டிக்குள் போட்டு அனுப்பினார்.

சின்னையாவுக்கு அது பிடிக்கவில்லை. வாசலில் பெட்டி உடைக்கும்போதே கேட்டார்: "மூண்டு பின் போடுறதுக்கு இவ்வளவு இரும்பே மோனை? நாங்கள் கைய வைச்சுக் கொழுவேல்லையே?" நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் கையைத்தான் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

சட்டம் வந்த கையோடு வேலை முடிந்துவிடாது. முதலில் கலப்பைகளை எல்லாம் ஒரே அளவுக்குக் கொண்டுவர வேண்டும். யாரும் சட்டம் வாங்க யோசித்தால் காசை எடுக்க முதல் அளவுநாடாவை எடுங்கள்.

கலப்பைகளின் பிடிப்புக்கு உலகம் முழுக்க இலக்கம் போட்டுப் பிரித்திருக்கிறார்கள். எங்கட அளவு மெசின்களுக்கு ஒன்றாம் வகை, அதைவிடப் பெரியவற்றுக்கு இரண்டாம் வகை. ஒன்றாம் வகையில் கீழ்ப் பின் 22 மி.மீ. தடிப்பு, மேற்பின் 19 மி.மீ., கீழே இரண்டு பக்கத்துக்கும் இடைவெளி 683 மி.மீ. இரண்டாம் வகையில் கீழ்ப் பின் 28 மி.மீ., மேற்பின் 25 மி.மீ., இடைவெளி 825 மி.மீ. நடுத்தர மெசின்களில் இரண்டு வகைக்கும் குண்டு மாற்றிப் போடலாம் என்பதால் எங்கட ஆட்கள் இரண்டு வகைக் கலப்பையையும் கலந்து வாங்கி வைத்திருப்பார்கள். கையால் கொழுவும்போது அது பெரிய பிரச்சினை இல்லை, ஏனென்றால் கீழ்க்கைகள் அகலும், ஒடுங்கும். சட்டத்தின் கொக்கிகள் அசையாது. ஒரு வகைக்குச் செய்த சட்டத்தில் மற்ற வகைக் கலப்பை ஏறாது.

என் கலப்பைகளில் இன்னொரு சிக்கலும் இருந்தது. 1990களில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் உதிரிப்பாகம் ஒன்றும் வராது. அப்பா, பின் தேய்ந்தால் கையில் கிடைத்த போல்ட்டைப் போட்டு ஓட்டியிருக்கிறார். போல்ட்டின் மரை ஓட்டையை அரம்போல அராவும். பழைய கொத்துக் கலப்பையின் ஓட்டைகள் வட்டம் போய் முட்டை வடிவமாகிவிட்டன. அந்தக் காலத்தில் மெசினை ஓட வைத்ததே பெரிய காரியம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த ஓட்டையில் இருந்து சட்டத்துக்கு அளவெடுத்தால் எல்லாம் சரிந்துபோகும். பட்டறையில் கொடுத்து ஓட்டைகளை நிரப்பி ஒட்டி, திரும்பத் துளைத்து எடுத்தேன்.

மேற்பின்னின் உயரம் அடுத்தது. ஒன்றாம் வகைக் கலப்பைகள் கனவற்றில் கீழ்ப் பின்னில் இருந்து மேற்பின் 46 சென்ரிமீற்றர் உயரத்தில், அதாவது 18 அங்குலத்தில் இருக்கும். "ப" சட்டத்துக்கென்று வைத்திருக்கிற அளவோ 15 அங்குலம். இந்த மூன்று அங்குலத்தைக் கவனிக்காமல் சட்டம் வாங்கினால் கீழ்க் கொக்கி பொருந்தும்போது மேற்கொக்கி வெறும் காற்றைத்தான் பிடிக்கும். சில சட்டங்களில் மேற்கொக்கியை ஏற்றி இறக்கலாம். மச்சானிடம் அதைத்தான் சொல்லி எடுப்பித்தேன். அப்படி இல்லாவிட்டால் கலப்பையில் மேற்பின்னைத் தாங்குகிற தூக்கில் 15 அங்குலத்தில் இன்னொரு ஓட்டை துளைக்க வேண்டும். ரொட்டவேற்றரில் பல்லுப்பெட்டி (கியர் பெட்டி) முன்னுக்கு நீட்டிக்கொண்டு நின்றால் அந்த உயரத்தில் இடமும் இருக்காது. துளைக்க முதல் அதையும் பாருங்கள்.

பிறகு புஷ். கொக்கியின் வாய் பின்னைவிட அகலம். 22 மி.மீ. பின்னுக்கு மேலே கிட்டத்தட்ட 36 மி.மீ. தடிப்புள்ள இரும்புக் குழாய் ஏற்ற வேண்டும், மேற்பின்னுக்கு 32 மி.மீ. அளவில். ஒவ்வொரு கலப்பைக்கும் மூன்று. வாங்கவும் கிடைக்கும், ஆனால் எங்கட லேத்துக்காரர் ஒரு நாளில் எல்லாவற்றையும் கடைந்து தந்தார். உள் ஓட்டை இறுக்கமாக இருக்கட்டும். புஷ் ஆடினால் சட்டம் ஆடும். சட்டம் ஆடினால் ரொப் லிங்க் வழியாக, உழவின் ஆழத்தைப் பார்த்துக்கொள்கிற மெசினின் ஹைட்ரோலிக்குக்குப் போகிற தள்ளல் பிந்தித்தான் போகும், கலப்பை ஆழம் கூடிக் குறைந்துகொண்டே இருக்கும்.

இவ்வளவும் முடிந்த பிறகு கொழுவுவது எப்படி என்றால், கிணற்றுக்குள் விழுந்த வாளியைப் பாதாளக் கரண்டி போட்டு எடுக்கிற மாதிரித்தான். கீழால் போய், கொழுவி, மேலே தூக்குவது. சட்டத்தைப் பதித்துக்கொண்டு பின்னுக்குப் போக வேண்டும். மேற்கொக்கி மேற்பின்னுக்குக் கீழே போனதும் மெதுவாகத் தூக்க வேண்டும். மேற்பின் கொக்கியில் இருக்கும். இன்னும் தூக்க, கலப்பை தன் பாரத்திலேயே முன்னுக்குச் சரிந்து கீழ்ப் பின்கள் இரண்டும் கீழ்க் கொக்கிகளில் வந்து விழும். விழும்போது பூட்டு நாக்கு சொடுக்கென்று மூடும். அந்தச் சத்தம் இரண்டு தரம் கேட்க வேண்டும், இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. ஒரு சத்தம் மட்டும் கேட்டால் தூக்கிக்கொண்டு போகக்கூடாது. கேட்டாலும் ஒரு அடி தூக்கி நிறுத்தி, சீற்றில் இருந்தபடியே திரும்பி இரண்டு நாக்கையும் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் நான் வெளிக்கிடுகிறது. கழற்றும்போது கலப்பையை நிலத்தில் இறக்கி, நாக்கின் கயிற்றை இழுத்து, சட்டத்தை இன்னும் பதித்து, முன்னுக்கு எடுத்தால் சரி.

நடுவில் ஆள் இல்லை. விரல் இல்லை. அலவாங்கு இல்லை. என்னுடைய மனிசி, மெசினை வளவுக்குள் மட்டும் ஓட்டத் தெரிந்தவ, லெவலரைத் தனியாகக் கொழுவினா. அதைச் சின்னையா திண்ணையில் இருந்து பார்த்தார். "கெட்டித்தனம்தான்" என்றார். மனிசியைச் சொன்னாரா சட்டத்தைச் சொன்னாரா தெரியாது, இரண்டுக்கும் பொருந்தும்.

இனி இதன் குறைகளையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் விற்கிறவர்கள் சொல்லமாட்டார்கள்.

சட்டம் கலப்பையை நான்கு அங்குலம் மட்டில் பின்னுக்குத் தள்ளுகிறது. சட்டத்துக்கும் தன் பாரம் இருக்கிறது, இரண்டு ஆள் பிடித்துத் தூக்குகிற பாரம். பாரம் பின்னுக்குப் போகப் போக மெசினின் முன்பக்கம் இலேசாகும், தூக்குகிற சக்தியும் குறையும். ரொட்டவேற்றரைத் தூக்கிக்கொண்டு ஒழுங்கைத் திருப்பத்தில் வரும்போது ஸ்ரியரிங் இலேசாகிவிட்டதை நான் உடனே உணர்ந்தேன். முன்னுக்குப் பாரக்கட்டை போட்டபிறகுதான் சரிவந்தது. வேலிக்கு வேலி உழுகிற எங்கட சின்னத் துண்டுகளில் இந்த நான்கு அங்குலம் மூலையிலும் தெரியும். திரும்பும்போது கலப்பை வால் பனை வேலியில் உரசாமல் பார்க்க வேண்டும். மூலையில் உழுபடாமல் விடுபடுகிற துண்டும் ஒரு சொட்டுப் பெரிசு. மண்வெட்டியால் கொத்துகிறவருக்கு அது கூடுதல் வேலைதான், மறைக்க ஒன்றுமில்லை.

அதைவிட முக்கியம் பி.ரி.ஓ. சாவ்ற். மெசினின் சுழற்சியை எடுத்து ரொட்டவேற்றரைச் சுற்றுகிற அந்தத் தண்டு ஒன்றுக்குள் ஒன்று நுழைந்த இரண்டு குழாய். கலப்பை நான்கு அங்குலம் பின்னுக்குப் போனால் உள்ளே நுழைந்திருக்கிற நீளம் நான்கு அங்குலம் குறையும். எங்கட கடைகளில் ரொட்டவேற்றர் வாங்கும்போது சாவ்ற்றை மெசினுக்கு அளந்து வெட்டித் தருவது வழமை, ஆகவே மிச்சம் ஒன்றும் இருக்காது. ஓடும்போது குழாயின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்காவது மற்றதுக்குள் இருக்க வேண்டும். நிமிசத்துக்கு 540 தரம், அதாவது ஒரு செக்கனுக்கு ஒன்பது சுற்றுச் சுற்றுகிற தண்டு அது. அது கழன்றால் என்ன நடக்கும் என்று நான் எழுதத் தேவையில்லை. நான் நீளமான குழாய் வாங்கி மாற்றினேன். சட்டம் வாங்குகிற காசோடு இந்தக் காசையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். சாவ்ற்றைக் கொழுவ மட்டும் இப்பவும் இறங்கத்தான் வேண்டும். இறங்க முதல் மெசினை நிற்பாட்டி, திறப்பை எடுத்துச் சட்டைப் பைக்குள் போடுங்கள். பி.ரி.ஓ.வை லீவரால் நிற்பாட்டிவிட்டால் காணும் என்று நினைக்க வேண்டாம். மூடி இல்லாத சாவ்ற்றுக்குக் கிட்ட சாரத்தோடு போகவே வேண்டாம்.

மெசினில் பெட்டி (டிரெயிலர்) இழுக்கப் போகும்போது சட்டத்தைக் கழற்ற வேண்டும். ஏற்றிக் கட்டிவிட்டு ஓடலாம் என்பார்கள், ஆனால் ஒடித்துத் திருப்பும்போது பெட்டியின் ஏர்க்கால் சட்டத்தில் முட்டும். எரு ஏற்றுகிற நாட்களை நான் தனியாக ஒதுக்கிக்கொண்டேன், அந்த நாட்களில் சட்டம் கொட்டிலில் கிடக்கும்.

டிஸ்க் கலப்பைக்கு இது சரிவரவில்லை. என்னுடைய டிஸ்க்கின் குறுக்குத் தண்டு வளைத்துச் செய்தது, அதைத் திருப்பித்தான் வெட்டுகிற அகலத்தைக் கூட்டிக் குறைக்கிறது. அதனால் இரண்டு கீழ்ப் பின்களும் ஒரே கோட்டில் இல்லை. சட்டத்தின் கொக்கிகளோ ஒரே கோட்டில்தான் நிற்கும். பட்டறையில் தண்டை மாற்றித் தருகிறோம் என்றார்கள், நான் வேண்டாம் என்றேன். அந்தத் திருப்பல் இல்லாவிட்டால் எங்கட கல்லுத் தரையில் டிஸ்க்கை நேராக ஓட்ட முடியாது. டிஸ்க் போடுகிற அன்று பழையபடி கையால்தான்.

இன்னொன்று, கலப்பையை எங்கே எப்படி வைக்கிறீர்கள் என்பது. கையால் கொழுவும்போது கலப்பை எப்படிச் சரிந்து கிடந்தாலும் நெம்பி எடுத்துவிடலாம். சட்டத்துக்குக் கலப்பை நேராக, மட்டமாக நிற்க வேண்டும். ஐப்பசி மழைக்குப் பிறகு செம்மண்ணில் வைத்த கொத்துக் கலப்பை ஒரு பக்கம் தாண்டுபோய் நிற்கும், சட்டம் ஏறாது. கொட்டிலுக்குள் பனங்குற்றிகளை வரிசையாகப் புதைத்து, அதற்கு மேல் ஒவ்வொரு கலப்பைக்கும் ஒரு இடம் குறித்து வைத்திருக்கிறேன். இறக்கும்போது அந்த இடத்திலேயே இறக்கினால், எடுக்கும்போது பின்னுக்குப் போய் நேரே எடுக்கலாம். கொத்துக் கலப்பைக்குச் சாய்ந்து விழாமல் முன்னால் ஒரு முண்டுகாலும் ஒட்டியிருக்கிறேன். இதற்குச் செலவு அதிகமில்லை, ஆனால் இதைச் செய்யாதவர்கள்தான் "சட்டம் வாங்கியும் பிரயோசனம் இல்லை" என்று சொல்லித் திரிகிறார்கள்.

ரொப் லிங்க்கின் நீளம் கலப்பைக்குக் கலப்பை மாறும் என்பதையும் மறக்கக்கூடாது. முந்தி ஒவ்வொரு முறை கொழுவும்போதும் தானாக அதைத் திருத்துவோம். இப்ப கழற்றாமலே ஓடுவதால் திருத்த நினைவு வராது, லெவலருக்கு வைத்த நீளத்திலேயே ரொட்டவேற்றர் ஓடும், பின்பலகை தூக்கிக்கொண்டு நிற்கும். ரொப் லிங்க்கின் மரையில் நிறம் பூசி வைத்திருக்கிறேன். சிவப்பு ரொட்டவேற்றருக்கு, மஞ்சள் கொத்துக்கு, வெள்ளை லெவலருக்கு. பக்கச் சங்கிலிகளையும் இழுத்து இறுக்கி விடுங்கள். கைகள் இரண்டும் ஆடினால் சட்டம் பின்னின் நேருக்கு வராது.

புதுச் சட்டம் வாங்க வசதியில்லாதவர்கள் உள்ளூரில் செய்விக்கலாமா என்று கேட்கிறார்கள். செய்விக்கலாம், ஆனால் கொக்கிகளைத் தடித்த தகட்டில் ஒரே துண்டாக வெட்டி எடுக்க வேண்டும், வளைத்து ஒட்டக்கூடாது. பூட்டு நாக்கின் சுருளை இரண்டாகப் போடச் சொல்லுங்கள், ஒன்று முறிந்தாலும் மற்றது பிடிக்கும். செய்து முடிந்ததும் முதல் நாளே ரோட்டில் ஓடாமல், வளவுக்குள் கலப்பையைத் தூக்கி இறக்கி ஒட்டுக்களைப் பாருங்கள். வெடிப்பு விழுகிற ஒட்டு பெரும்பாலும் மேற்கொக்கியின் அடியில்தான் விழும், தள்ளலும் இழுவையும் மாறி மாறி வருகிற இடம் அது. கிறீஸ் பூசினால் வெடிப்பு மறைந்துவிடும், ஆகவே அந்த இடத்துக்கு மட்டும் கிறீஸ் வைக்காமல் ஒவ்வொரு போகத் தொடக்கத்திலும் துணியால் துடைத்துப் பார்க்கிறது என் பழக்கம்.

ஏழாலை, குப்பிழான் பக்கத்தில் யாருக்கும் சட்டம் எடுக்க எண்ணம் இருந்தால், உங்கள் கலப்பைகளில் கீழ்ப் பின் தடிப்பு, இரண்டு பின்னுக்கும் இடைவெளி, மேற்பின் உயரம் மூன்றையும் அளந்து ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். கொட்டிலில் என்னுடையதைக் கொழுவிக் காட்டுகிறேன், பொருந்துமா பொருந்தாதா என்று அங்கேயே பார்த்துவிடலாம்.